மூலை மடித்த உறை

போன கிழமை டிலானி போன் எடுத்தாள். கண்டிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என் கடைசி வருடங்களில் வேலைக்குச் சேர்ந்த டிலானிதான் இன்று அங்கே பொறுப்பு. மனநலக் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு மருந்து கொடுக்கப் புதிதாக ஒரு தனி யன்னல் திறக்கிறார்களாம்.

"ஸ்டெல்லா மிஸ், நீங்கதான் வந்து நாடா வெட்டணும். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் பேசணும். டிப்ரெஷனையும் ஏடிஎச்டியையும் எப்படி ஜெயிச்சீங்கன்னு. கொஞ்சம் மோட்டிவேஷனலா இருந்தா நல்லம்."

ஜெயித்தேனாம்! அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பால் வைத்த விஷயமே தீய்ந்த மணம் வந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சீனி வருத்தக்காரரை, அதுதான் நீரிழிவு நோயாளிகளை, மேடையில் ஏற்றி, சீனியை எப்படி ஜெயித்தீர்கள் என்று யாராவது கேட்கிறார்களா? எங்களைத்தான் கேட்பார்கள். ஒன்றில் நாங்கள் பைத்தியம், இல்லாவிட்டால் வெற்றி வீராங்கனை. நடுவில் நின்று மருந்தைப் போட்டுக்கொண்டு மனுஷியாக இருக்க விடமாட்டார்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். யன்னலைப் பற்றி அவள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. யன்னலுக்குத் திரை போடுவார்களாம். அது நல்லது. ஆனால் குளிசை போடும் கடதாசி உறையில் மருந்தின் பெயரும் இருக்காது, வேளையும் இருக்காது. காலைக்கு மஞ்சள் ஸ்டிக்கர், இரவுக்கு நீல ஸ்டிக்கர். "வீட்டுல யார் பார்த்தாலும் என்ன மருந்துன்னு தெரியாது மிஸ்" என்று பெருமையாகச் சொன்னாள்.

அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பேசி முடிக்கிற கதையில்லை இது. அதனால் எழுதுகிறேன். டிலானி, நாடாவை வாங்குவதற்கு முன் இதை வாசி.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் இரண்டு வருடப் பயிற்சி. இறுதிப் பரீட்சையில் ஒரு பாடம் தவறி, அடுத்த முறைதான் தேறினேன். காரணம், வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அரை மணி நேரம் முன்னதாக எழுதி முடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வெளியே வந்து வடை தின்றுகொண்டிருந்தேன். "கவனயீனம்" என்றார்கள். பள்ளியில் சிஸ்டர்மார் சொன்ன அதே சொல். கலியாணமான பிறகு என் கணவர் அந்தோனி அதையே கொஞ்சம் செல்லமாகச் சொன்னார்: "இவ தலை கழுத்துல ஒட்டியிருக்கு, அதனால தப்பிச்சுது. இல்லாட்டி அதையும் பஸ்ஸுல விட்டுட்டு வந்திருப்பா."

அப்படிப்பட்டவள் மருந்தகத்தில் எப்படி முப்பத்தொரு வருடம் தாக்குப்பிடித்தாள் என்று கேட்பீர்கள். சிவஞானம் சேரால்தான்.

சிவஞானம் சேர் எங்கள் தலைமை மருந்தாளர். யாழ்ப்பாணத்துக்காரர். கைமுட்டு வரை சட்டையை மடிப்பார், ஒரு மடிப்புக் கூடாது, ஒரு மடிப்புக் குறையாது. அவர் சிரித்துப் பார்த்தவர் எவரும் கிடையாது. மருந்தகத்தில் அவர் வைத்திருந்த சட்டங்கள் மூன்று. முதலாவது, குளிசை எண்ணும்போது யாராவது கதை கொடுத்தால், இருபத்தொன்பதில் நின்றாலும் சரி, எல்லாவற்றையும் போத்தலில் கொட்டிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, உறையில் பெயர், அளவு, வேளை மூன்றையும் எழுதாமல் ஒரு குளிசையும் யன்னலைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, எழுதியதை வாசித்துக் காட்டி, வாங்குகிறவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

"கதை வந்தால் கொட்டு, பிள்ளை" என்பார். மற்றவர்கள் முதலாவது சட்டத்தை வெறுத்தார்கள். வரிசை படிக்கட்டு வரை நிற்கும்போது யார் கொட்டுவது? நான் கொட்டினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கொட்டியிருப்பேன். ஸ்டெல்லாவின் யன்னலுக்குப் போனால் பஸ்ஸை விட வேண்டியதுதான் என்று நோயாளிகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். வாழ்க்கையில் வேறு எந்த இடத்திலும் எனக்கு இப்படியொரு வசதி கிடைக்கவில்லை. கவனம் சிதறினால் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கலாம், ஏச்சுக் கிடையாது. வீட்டில் அப்படியா?

நாற்பத்தெட்டு வயதில் மற்றது, அந்த மனச்சோர்வு, வந்தது. ஏன் வந்தது என்று கேட்கிறவர்களுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. சனிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுப்பேன், ஞாயிறு பூசைக்கும் எழும்பமாட்டேன். சீப்பைக் கையில் எடுத்துவிட்டு வானொலிச் செய்தி தொடங்கி முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன். தலைக்குள் மட்டும் நூறு வேலை ஓடிக்கொண்டிருக்கும், ஒரு வேலைக்கும் கை நீளாது.

புத்தி சொல்ல ஊரே வந்தது. "உனக்கு என்ன குறை?" என்றாள் நாத்தனார். நவநாள் செபம் சொல்லச் சொன்னாள் ஒருத்தி, நூல் கட்டிக்கொண்டு வந்தாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டு அக்கா மறதிக்கு வல்லாரைச் சம்பல் என்றாள். வல்லாரை வாங்கப் போன கடையில் குடையை விட்டுவிட்டு வந்தேன். இத்தனை பேரில் டொக்டரிடம் போ என்று சொன்னவர் அந்தோனி மட்டும்தான். அவரும் அதைச் சொல்ல எட்டு மாதம் எடுத்தார், பாவம்.

போனேன். ஆனால் எங்கள் வைத்தியசாலையில் இல்லை. பேராதனைப் பக்கம் ஒரு கிளினிக்குக்கு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது அதுதான். அலவத்துகொடக்காரர் கண்டிக்குப் போவார், கண்டிக்காரர் பேராதனைக்குப் போவார், பேராதனைக்காரர் எங்கே போனாரோ ஆண்டவருக்குத்தான் தெரியும். தெரிந்த முகம் இல்லாத இடத்தில் மருந்தெடுக்க ஆளுக்கு இரண்டு பஸ் மாறினோம்.

டொக்டர் மருந்து எழுதித் தருகிற கிளினிக் கொப்பிக்கு அட்டை போடுவது அடுத்த கூத்து. சீனிக் கிளினிக் கொப்பிக்கு எவரும் அட்டை போடுவதில்லை. எங்கள் மருந்தகத்துக்கு வியாழக்கிழமைகளில் வருகிற மனநலக் கிளினிக் கொப்பிகளுக்கு மட்டும் பத்திரிகைத் தாள், பழைய கலண்டர், பள்ளிக்கூடத்து மண்ணிறத் தாள் என்று விதவிதமாக அட்டை இருக்கும். அட்டையைப் பார்த்தாலே என்ன கிளினிக் என்று தெரிந்துவிடும். இதை வருடக்கணக்காகப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். என் கொப்பி வந்ததும் மாதா படம் போட்ட கோயில் கலண்டரைக் கிழித்து அட்டை போட்டேன். என் குளிசைகளை உறையிலிருந்து எடுத்து, ஒரு விற்றமின் போத்தலில் கொட்டி வைத்தேன். நான் மருந்தாளர். எது எதுவென்று எனக்குத் தெரியும் என்ற திமிர்.

இப்போது ஸஃபியாவுக்கு வருகிறேன். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. மடவளையில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது முப்பது வயதுகூட இருக்காது, இரண்டரை வயதில் ஒரு மகள். புருஷன் கடை வைத்திருந்தான், மாமியாரோடு ஒரே வீடு. மனச்சோர்வுக்கு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் ஒரு குளிசை, இரவில் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரு குளிசை. ஒரு வியாழக்கிழமை என் யன்னலுக்கு வந்து, வாயருகே முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மிஸ், உறையில ஒண்டும் எழுதவாணாம். மாமி எழுத்துக் கூட்டி வாசிப்பா. கண்டா அந்த வீட்டுல இரிக்க ஏலா."

வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்றிருப்பேன். இவள் கேட்டபோது என் கைப்பையில் கிடந்த விற்றமின் போத்தல் ஞாபகம் வந்தது. எனக்கு நான் கொடுத்துக்கொண்ட சலுகையை இவளுக்கும் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். அதை இரக்கம் என்று நம்பினேன்.

முப்பது, முப்பதாக எண்ணி இரண்டு வெற்று உறைகளில் போட்டேன். "மூலை மடிச்சிருக்கிறது ராத்திரிக்கு. மடிக்காதது காலைக்கு" என்று மெதுவாகச் சொன்னேன். மடிப்பதற்குக் கையை நீட்டிய நேரம் சிற்றூழியர் வந்து மருந்துக் குளிர்சாதனப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டார். மேசையைத் தேடினேன், மேசை லாச்சியை இழுத்துத் தேடினேன், அவரையே ஏசினேன். சாவி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ஓர் உறையின் மூலையை மடித்து அவளிடம் கொடுத்தேன். குளிசை எண்ணும்போது கதை வந்தால் கொட்ட வேண்டும். மூலை மடிக்கும்போது வந்தால்? அதற்குச் சட்டம் இல்லை. மூலை மடிப்பதே சட்டத்தில் இல்லையே.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்க, குசினித் தரையில் சாய்ந்து தூங்கியிருக்கிறாள். வீடு முழுக்கப் புகை. பிள்ளை கத்துகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயை எழுப்பத்தான் முடியவில்லை. மாமி வீட்டைக் கிளறி, மா டின்னுக்குள் இரண்டு உறைகளைக் கண்டெடுத்துவிட்டாள். அதோடு கதை முடிந்தது: மருந்தைக் குடித்துச் சாகப் பார்த்திருக்கிறாள், பிள்ளையையும் சேர்த்து.

நோயாளர் வாட்டில் அரை மயக்கத்தில் ஸஃபியா, வழமைபோல ஒரு குளிசைதான் குடித்ததாகச் சொல்லியிருக்கிறாள். யார் நம்புவது? வாட்டுக்கு மருந்து கொண்டுபோனபோது நடையில் மாமி சொல்வதை என் காதால் கேட்டேன்.

"இனி புள்ளய அவகிட்ட குடுக்க ஏலா. அவட உம்மா வீட்டுக்கே அனுப்பப் போற."

நான் மருந்தகத்துக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் வாட்டிலிருந்து அந்த இரண்டு உறைகளும் வந்தன. மேலே எழுத்து இல்லாததால் உள்ளே இருப்பது என்ன குளிசை என்று பார்த்துச் சொல்லும்படி டொக்டர் அனுப்பியிருந்தார். சிவஞானம் சேர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறைகளை முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது எங்கட உறை. ஒண்டும் எழுதேல்லை. ஆர் குடுத்தது?"

அறையில் நாலு பேர் இருந்தோம். மற்றவர்கள் உறையை எட்டிப் பார்த்தார்கள். எழுதியிருந்தால் என் கையெழுத்தைப் பார்த்தவுடனே பிடித்திருப்பார். அவளை மறைக்கத்தான் எழுதாமல் விட்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அது என்னை மறைத்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. வேலை தப்பும். பேராதனை விஷயமும் வெளியே வராது. அவளுடைய பிள்ளை மட்டும் போகும்.

சேர் மடிக்காத உறையைத் தட்டில் கொட்டி எண்ணத் தொடங்கினார். நானும் யாருக்கோ பிரஷர் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டில் கொட்டினேன். மறுபடி தொடங்கி ஏழில் கொட்டினேன். மூன்றாம் தடவை நாலைத் தாண்டவில்லை.

சேர் நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தரும் கதைக்கேல்லையே, பிள்ளை. ஏன் கொட்டுறீர்?"

"நான்தான் சேர் குடுத்தேன்" என்றேன். "மூலை மடிச்சது ராத்திரிக்குன்னு சொல்லிக் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் கிடந்ததை எண்ணி முடித்தார். இருபத்தைந்து. மூலை மடித்த உறையைக் கொட்டி எண்ணினார். அதுவும் இருபத்தைந்து. ஐந்து இரவு, ஐந்து காலை. ஒரு குளிசைகூட அதிகமாகப் போகவில்லை. ஆனால் மூலை மடித்த உறைக்குள் இருந்தது காலைக் குளிசை. நான் மாற்றி மடித்திருந்தேன். ஐந்து நாளாக அந்தப் பெண் இரவில் கண் மூடாமலும், காலையில் தூக்கக் குளிசையைக் குடித்துவிட்டுக் கண்ணைத் திறக்க முடியாமலும் அடுப்படியில் நின்றிருக்கிறாள். நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"ஏன் எழுதேல்லை?"

"எழுத வேணாம்னு கேட்டாங்க சேர்."

"ஆர் கேட்டாலும் எழுதாமல் குடுப்பீரோ?"

"இல்ல சேர். இதுக்கு மட்டும்தான்."

"ஏன் இதுக்கு மட்டும்?"

சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பு இல்லை. கைப்பையிலிருந்து விற்றமின் போத்தலை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடம் குளிசையோடு வாழ்ந்த மனிதர். அது என்ன என்று கேட்கவில்லை.

அவர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேனா, துரத்துவார் என்று எதிர்பார்த்தேனா, தெரியாது. இரண்டையும் செய்யவில்லை. எழும்பிச் சட்டைக் கையை ஒரு தரம் சரிசெய்தார்.

"வருத்தம் எண்டால் மருந்து எடும். பிழை எண்டால் எழுத்தில தாரும். ரெண்டையும் ஒண்டோடொண்டு கலக்காதையும். வாரும், வாட்டுக்குப் போவம்."

இன்றைக்கு என் காதில் விழுகிற எல்லா ஆறுதலையும் கட்டி ஒரு பக்கம் வைத்தாலும் அந்த மூன்று வசனத்துக்கு ஈடாகாது. "ஐயோ பாவம், அவளே ஒரு நோயாளி" என்று அவர் சொல்லியிருந்தால் நான் அன்றோடு முடிந்திருப்பேன். "நோயாளிக்கெல்லாம் இங்கே என்ன வேலை" என்று சொல்லியிருந்தாலும் அதே கதைதான்.

வாட்டில் டொக்டரிடம் எண்ணிக்கையைச் சேர் சொன்னார். மாமியிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் விட்டுவிட்டார்.

"அம்மா, இவங்க சாகப் பார்க்கல. நான் சொன்ன மாதிரிதான் ஒழுங்காக் குடிச்சிருக்காங்க. நான் குடுத்ததுதான் பிழை."

"அப்ப இவ ஒண்டும் செய்யல்லயா?"

"ஒண்ணும் செய்யலம்மா."

அந்த அம்மா என்னை ஏசினாள். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, நல்லாக ஏசினாள். என் படிப்பை ஏசினாள், நான் உடுத்தியிருந்த வெள்ளைச் சீலையை ஏசினாள். ஏசிக்கொண்டே இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கி, ஸஃபியாவின் கட்டிலில், அவள் கைக்குள் படுக்கவைத்தாள். நான் அந்த ஏச்சு முழுவதையும் நின்று கேட்டேன்.

பிறகு விசாரணை, எச்சரிக்கைக் கடிதம், யன்னலை விட்டு ஆறு மாதம் களஞ்சிய அறையில் வேலை. கூட வேலை செய்தவர்களில் ஒருத்தி, "இப்படிப்பட்டவங்க மருந்து குடுக்கலாமா?" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு என் பதில்: எழுதி, வாசித்து, கதை வந்தால் கொட்டினால் கொடுக்கலாம். சட்டத்தை மீறுகிற நல்ல ஞாபகசக்திக்காரி கொடுக்கக் கூடாது.

நடந்ததை என் டொக்டரிடம் சொன்னேன். கழுத்தில் தொங்கிய சாவிக் கதையில் அவர் பேனாவை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் எப்படி, பரீட்சையில் எப்படி, வீட்டில் எப்படி என்று ஒரு மணி நேரம் கேட்டார். மனச்சோர்வோடு சின்ன வயதிலிருந்தே ஏடிஎச்டியும் இருக்கிறது என்றார். ஐம்பது வயதில்! அரை நூற்றாண்டு வாங்கிய ஏச்சை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அழுத வேகத்தில் வீட்டுக்கு இறங்க வேண்டிய கட்டுகஸ்தோட்டையில் இறங்காமல் இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன்.

இன்றைக்கும் நான் ஜெயித்தவள் இல்லை. கிழமைக்கு ஏழு அறை உள்ள குளிசைப் பெட்டி வைத்திருக்கிறேன். போட்டாச்சா என்று அந்தோனி கேட்பார், எரிச்சல் வரும், போய்ப் பார்த்தால் போட்டிருக்கமாட்டேன். வருடத்தில் ஒரு தடவை பழைய சுவர் திரும்பி வரும். அப்போது டொக்டரிடம் போகும் நாளை முன்னுக்குத் தள்ளுவேன். நூலும் கட்டுவதில்லை, யாருக்கும் விளக்கமும் சொல்வதில்லை.

களஞ்சியத்திலிருந்து யன்னலுக்குத் திரும்பி வந்த பிறகு ஸஃபியாவைப் பார்த்தேன். என் வரிசையில் அவள் நிற்கவில்லை, அதற்குப் பிறகு ஒருபோதும் நிற்கவும் இல்லை. சரிதான், நானாக இருந்தாலும் நிற்கமாட்டேன். பக்கத்து யன்னலில் சிவஞானம் சேர் கொடுத்த உறையை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பி வாசித்தாள். மருந்தின் பெயர், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. பிறகு அடுத்த உறை. பின்னால் நின்ற மாமியும் உதட்டை அசைத்துக் கூடவே வாசித்தாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. அன்றைக்கு நான் ஒரு தடவையும் கொட்டாமல் எண்ணினேன்.

டிலானி, மறைக்க நினைக்கிறவர்களுக்கு நான் எதிரி இல்லை. ஊர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். திரை போடு, குரலைத் தணித்து வாசி, வீட்டில் ஒளித்து வைக்கிறவர்கள் ஒளித்து வைக்கட்டும். ஆனால் எழுதாமல் கொடுக்காதே. நான் மடித்த மூலைக்கும் நீ ஒட்டப்போகிற ஸ்டிக்கருக்கும் நிறம் மட்டும்தான் வித்தியாசம்.

நாடா வெட்ட வேறு ஆளைப் பார். ஆனாலும் வியாழக்கிழமை வருவேன். சொல்ல மறந்துவிட்டேன், மறதிக்காரிதானே: போன மாதம் என் கிளினிக் கொப்பியைப் பேராதனையிலிருந்து உங்கள் வைத்தியசாலைக்கு மாற்றிக்கொண்டேன். கொப்பிக்கு அட்டை போடவில்லை. உன் புது யன்னலில் முதல் ஆளாக நிற்பேன். உறையில் எழுதி, வாசித்துக் காட்டு. நான் திருப்பிச் சொல்கிறேன்.